பின்னால் எழுதியது முன்னால் எழுதியதைத் தின்ற வாரம்

இன்றைக்கும் யாராவது ஜாவாஸ்கிரிப்ட் என்று சொன்னால் எனக்கு மூட்டைக்குள் அவிந்துபோன தேயிலையின் வாடைதான் முதலில் வரும். பறித்த இலையைச் சாக்கில் திணித்துக் கட்டி வைத்தால் உள்ளே சூடு ஏறும். கையை உள்ளே விட்டால் கொதிக்கிற சோற்றுப் பானைமேல் கை காட்டியது போலிருக்கும். மறுநாள் இலை சிவக்கும். அதற்கடுத்த நாள் கறுத்து, சாக்கின் அடியில் பிசுபிசுவென்று ஒரு நீர் கசியும். புளித்த மாவையும் நனைந்த மாட்டுத் தோலையும் சேர்த்து வைத்ததுபோல ஒரு வாடை. தேயிலையைக் குடிக்கிறவர்களுக்கு அந்த வாடை தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு வாரம் அந்த வாடை ரோட்டோரத்தில் கிடந்ததற்கு நான்தான் காரணம்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. நான் நீலகிரியில் மஞ்சூர் தாண்டி ஒரு ஃபேக்டரியில் எடைக் கொட்டகைக் கிளார்க். சொந்தத் தோட்டம் இல்லாத ஃபேக்டரி அது. சுற்றுவட்டாரத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களிடம் பச்சை இலையை எடை போட்டு வாங்கித் தூளாக்கி ஏலத்துக்கு அனுப்புவார்கள். ஏலத்தில் கேட்பார் இல்லாமல் போனதும் தூள் மூட்டைகள் கோடவுனில் ஜன்னலை மறைக்கிற உயரத்துக்கு ஏறிவிட்டன. இலையை வாட்டுகிற ட்ரஃப் என்ற நீளத் தொட்டிகளில் முந்தின நாள் இலையே கிடக்கும். அதற்கு மேல் கொட்ட இடமில்லை. ஆனால் செடிக்கு விலை தெரியாது. மழை பெய்தால் அது துளிர்த்துக்கொண்டேதான் இருக்கும்.

அதனால் ஃபேக்டரியில் முறைநாள் என்று ஒன்று வந்தது. வாரத்தில் உங்களுக்கு ஒரு நாள். அந்த நாளில் கொண்டுவந்தால் எடுப்போம். வேறு நாளில் வந்தால் திருப்பி அனுப்புவோம். தொடர்ந்து இரண்டு முறை இலை கொடுக்காவிட்டால் கார்டு ரத்து, அந்த இடம் வேறொருவருக்குப் போகும். எல்லா ஃபேக்டரியிலும் அப்படித்தான் என்பதால், ஒரு இடத்தில் கார்டு போனால் இன்னொரு இடத்தில் கிடைக்காது.

முறைநாளை இரண்டு விதமாகக் கொடுத்திருந்தார்கள். ஹட்டிக்காரர்களுக்கு ஹட்டி ஹட்டியாக. ஹட்டி என்றால் இந்த மலையில் காலங்காலமாக வாழும் படகர் சமூகத்தின் ஊர். மேல் ஹட்டிக்குத் திங்கள், கீழ் ஹட்டிக்குப் புதன் என்று ஊர் முழுக்க ஒரே நாள். அவர்கள் வந்து ஹட்டிப் பெயரைச் சொன்னால் போதும். எந்த ஹட்டியிலும் சேராதவர்களும் இருந்தார்கள். சிலோன் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் சிலர் யாருடைய நிலத்தையாவது குத்தகைக்கு எடுத்துப் பறித்தார்கள். அவர்களைச் சேர்த்துச் சொல்ல ஒரு ஊர்ப் பெயர் இல்லை. அதனால் ஆளுக்கொரு கார்டு, கார்டுக்கு ஒரு எண். எண்காரர்களில் பாதிப் பேருக்குச் செவ்வாய், மீதிப் பேருக்கு வெள்ளி.

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். ஏல பில் அடிக்கிற பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எடைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து வைத்து, "அம்மணி, நீ கம்ப்யூட்டர் கோர்ஸ் படிச்சிருக்கியல்ல? இந்த முறைநாள் லிஸ்டை இதுல ஏத்திடு. ஆளுங்க வந்து நம்மகிட்ட மல்லுக்கு நிக்கறது ஒழியட்டும்" என்றார்.

பிளஸ் டூவோடு நின்றவள் நான். அதன்பிறகு ஊட்டி காந்தலில் அக்கா வீட்டில் தங்கி ஆறு மாதம் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டர் முன்னால் அந்தக் கஷ்டம் இல்லை. அது முகத்தைப் பார்க்காது. அதனாலேயே கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அங்கே சி ப்ளஸ் ப்ளஸ் சொல்லித் தந்தார்கள். கடைசி மாதம் கொஞ்சம் வெப் பக்கம் எழுதவும், அதில் ஜாவாஸ்கிரிப்ட் போடவும் சொல்லித் தந்தார்கள்.

சி ப்ளஸ் ப்ளஸில் எனக்குப் பிடித்தது ஒரு விஷயம். ஒரு வேலையைச் செய்து பதில் சொல்கிற சிறு துண்டை எழுதி அதற்கு ஒரு பெயர் வைப்போம். ஃபங்ஷன் என்பார்கள். அதே பெயரில் இரண்டு எழுதலாம். ஒன்று எண்ணை வாங்கிக்கொள்வது, இன்னொன்று எழுத்தை வாங்கிக்கொள்வது. நாம் எண்ணைக் கொடுத்தால் எண்ணுக்கானது வேலை செய்யும், எழுத்தைக் கொடுத்தால் எழுத்துக்கானது. எது வந்திருக்கிறது என்று அதுவே பார்த்துப் பிரித்து அனுப்பும். வருகிறவர் யாரென்று பார்த்து அவரவருக்கு வேண்டியதை எடுத்து வைக்கிற கடைக்காரரைப் போல இருந்தது எனக்கு. வெட்கப்படுகிறவர்களுக்கு அப்படிப்பட்ட கடைக்காரர்கள்தான் வேண்டும்.

முதலில் எண்காரர்களுக்கு மட்டும் எழுதினேன். 'அனுமதி' என்று ஒரு ஃபங்ஷன். திரையில் ஒரு பெட்டி. கார்டு எண்ணைத் தட்டினால், லிஸ்டில் தேடி, இன்று முறை என்றால் 'உண்டு', இல்லையென்றால் 'முறை இல்லை' என்று காட்டும். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஹட்டிக்காரர்களுக்கு மட்டும் பழைய நோட்டு.

தராசுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. ஐம்பதைத் தாண்டியவர், எதற்கும் சலித்துக்கொள்வார். "ஏனுங் அம்மணி, ஒருத்தருக்குப் பெட்டியைப் பாரு, ஒருத்தருக்கு நோட்டைப் பாருன்னா நான் எத்தனை கண்ணை வெச்சுக்கறது? ஹட்டியையும் அதுக்குள்ளாறயே போட்டுடுங்க."

ஒரு திங்கட்கிழமை காலையில் போட்டேன். சி ப்ளஸ் ப்ளஸில் செய்வது போலவே. எண்ணுக்கான 'அனுமதி' மேலே இருந்தது. அதன் கீழே, ஹட்டிப் பெயருக்கான இன்னொரு 'அனுமதி'. மேல் ஹட்டி என்று தட்டிப் பார்த்தேன், உண்டு என்றது. கீழ் ஹட்டி, முறை இல்லை. சரியாகத்தான் இருந்தது. எண்ணைத் தட்டிப் பார்க்கவில்லை. அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதுதானே என்று விட்டுவிட்டேன். அன்று முழுக்க ஹட்டிக்காரர்கள்தான். ஒரு படகர் திரையைக் குனிந்து பார்த்து, "அம்மணி, உங்க பெட்டி எங்க ஊர எழுத்துக் கூட்டிப் படிக்குதே! நான் ரெண்டாங் கிளாஸோட விட்டேன். இது என்னைவிட மேல போலிருக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது குமட்டுகிறது.

செவ்வாய் காலை முதல் மூட்டை முப்பத்தாறாம் எண். ஐம்பது வயதுக்குக் கிட்டத்தில் இருந்த ஒரு அக்கா. சிலோனில் பிறந்து, கல்யாணம் ஆன வருடமே இங்கே வந்தவர். ஒரு ஏக்கர் குத்தகை. அவரும் மகளும் பறிப்பார்கள். ஃபேக்டரி கார்டு இருக்கிற வரைக்கும்தான் நிலம் என்பது நிலத்துக்காரர் போட்ட பேச்சு. கார்டு போனால் நிலம் போகும். அதை அவரே ஒருமுறை, யாரிடமோ சொல்வது போல என்னிடம் சொல்லியிருக்கிறார்.

முப்பத்தாறைத் தட்டினேன். முறை இல்லை.

மறுபடி தட்டினேன். முறை இல்லை.

"ஏன் தங்கச்சி, எனக்குச் செவ்வாக்கிழமைதானே? போன கிழமையும் போட்டேனே. இந்தா, கார்டைப் பாருங்க."

கார்டில் செவ்வாய் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. நான் தராசுக்காரரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் இல்லைங்குதுங்க. லிஸ்டு மாத்தியிருப்பாங்க. தள்ளிக்குங்க, பின்னால ஆளு நிக்குது."

"யார் மாத்தினது? நேத்து சாயந்தரம் வரைக்கும் ஒருத்தரும் சொல்லலையே!"

"எனக்கென்னங்க தெரியும்? நான் தராசு பாக்கறவன். பொட்டியக் கேளுங்க."

பின்னால் நின்றவர் முன்னால் வந்தார். அவருக்கும் முறை இல்லை. அதற்குப் பின்னால் நின்றவருக்கும். அன்று காலை வந்த எண்காரர்கள் அத்தனை பேருக்கும் திரை ஒரே பதிலைச் சொன்னது. நான் ஒவ்வொரு முறையும் அதை வாசித்துச் சொன்னேன். லிஸ்ட் மாறவில்லை என்று எனக்குத் தெரியும், லிஸ்ட் என் கையில்தான் இருந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று 'ஏதோ தப்பு, கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்ல வாய் வரவில்லை. மேனேஜர் வந்தால் சொல்லலாம் என்று உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் அன்று குன்னூர் போயிருந்தார்.

அவர்கள் மூட்டைகளை இறக்கி, கொஞ்ச நேரம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தூக்கிக்கொண்டு போனார்கள். ஏற்றம் ஏறி வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோய் என்ன செய்வது? கொஞ்ச தூரத்தில் ரோடு திரும்புகிற இடத்தில் கொட்டிவிட்டுச் சாக்கை மட்டும் மடித்து எடுத்துப் போனார்கள்.

கொட்டகை காலியானதும் நான் எழுதியதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டுபிடிக்க மதியம் வரை ஆனது. சென்டரில் கொடுத்த ஜெராக்ஸ் தாள்களில் ஒரு வரி இருந்தது. ஜாவாஸ்கிரிப்டில் ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் இருக்க முடியாது. எண்ணுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று பிரித்து அனுப்புகிற பழக்கம் அதற்குக் கிடையாது. ஒரே பெயரில் இரண்டாவதை எழுதினால் முதலாவது போய்விடும்.

எழுதக்கூடாது என்றால் அதைச் சொல்ல வேண்டாமா? சி ப்ளஸ் ப்ளஸ் ஒரு அரைப்புள்ளி விட்டால் கூட முகத்தில் அடித்தாற்போல் சொல்லும், ஓடமாட்டேன் என்று நிற்கும். இது ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேலே இருந்ததைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் சரி என்பது போல ஓடியது. முப்பத்தாறு என்று கொடுத்தால் அந்த எண்ணை ஹட்டிப் பெயராக எடுத்துக்கொண்டு, 'முப்பத்தாறு' என்று ஒரு ஹட்டி இருக்கிறதா என்று தேடியிருக்கிறது. அப்படி ஒரு ஊர் இல்லை. அதனால் முறை இல்லை. ஊர்ப்பெயர் இல்லாதவர்கள் என்றுதானே அவர்களுக்கு எண் கொடுத்தோம்! அந்த எண்ணையே ஊராக்கித் தேடி, இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. எனக்கு அந்த மொழிமேல் அன்று வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. தப்பு செய்கிறவனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தப்பைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருப்பவனைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படி நினைத்துக்கொண்டேதான் மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனேன்.

அவர் டீயில் வர்க்கி பிஸ்கட்டை முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வர்க்கி ஊறி உடைந்து டம்ளருக்குள் விழுந்துவிட்டது. அதை விரலை விட்டுத் துழாவி எடுத்தார். நான் கதவுப் பக்கமாக நின்று, நேற்று நடந்தது என் தப்பு என்றும், அரை மணி நேரத்தில் சரி செய்துவிடலாம் என்றும், போன இலைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றும் சொன்னேன்.

"எத்தனை மூட்டை போச்சு?"

"செவ்வாக்கிழமை ஆளுங்க மொத்தமும் சார்."

"ஹட்டிக்காரங்க யாராச்சும் உண்டா அதுல?"

"இல்லைங் சார். எண்காரங்க மட்டுந்தான்."

அவர் விரலை நக்கிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். நேற்று கோபப்பட்டவர்கள் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார் போலிருக்கிறது. யாரும் இல்லை.

"அம்மணி, ட்ரஃப்பு நெறஞ்சு கெடக்குது. நானே எப்படிக் கொறைக்கறதுன்னு ரெண்டு வாரமா மண்டையப் பிச்சுக்கறேன். ஹட்டிப் பக்கம் கையை வெச்சா ஊரே லாரி கட்டிட்டு வந்து நிக்கும். இவங்க வந்தாங்களா? வரலையல்ல? அப்பறம் என்ன?"

"சார், தப்பா காட்டுதுங் சார்."

"யாருக்குத் தெரியும் தப்புன்னு? நீயா சொன்னா நீ கெட்டவ, நானா சொன்னா நான் கெட்டவன். மெஷின் சொன்னா யாரு அதோட சண்டைக்குப் போவாங்க? அடுத்த வாரத்தோட ரெண்டு முறை ஆயிடும். கார்டு தன்னால கழியும். நீ ஒண்ணையும் நோண்டாத. நல்லா எழுதியிருக்க, போ."

நல்லா எழுதியிருக்க. என் வாழ்க்கையில் கம்ப்யூட்டர் விஷயமாக எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

அவரை மட்டும் திட்டி இதை எழுதி முடித்துவிட்டால் எனக்கு வசதி. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை எண்காரர்கள் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள்விப்பட்டு, கார்டைச் சட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்கள். நான் என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணாகத் தட்டி, முறை இல்லை, முறை இல்லை என்று வாசித்தேன். செவ்வாய்க்கிழமை காலை வாசித்தபோது எனக்குக் காரணம் தெரியாது. வெள்ளிக்கிழமை தெரியும். தெரிந்தே வாசித்தேன். அந்த ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் எனக்கும் அன்று என்ன வித்தியாசம் என்று கேட்டால், அதற்கு முகம் சிவக்காது, எனக்குச் சிவந்தது. அவ்வளவுதான்.

ஒருவர் மட்டும், "இதுல ஒரு பொத்தானை மாத்தி அமுக்கினா வராதுங்களா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. வரும் என்று நம்பித்தான் கேட்டார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போகும்போது அந்த ரோட்டுத் திருப்பத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை இலை கறுத்து அமுங்கியிருந்தது. அதன்மேல் வெள்ளிக்கிழமை இலை பச்சையாகக் கிடந்தது. மழைத் தண்ணீர் அதற்குள் புகுந்து மஞ்சளாக வழிந்து ரோட்டைத் தாண்டி ஓடியது. பஸ்ஸில் போனவர்கள் ஷட்டரை இறக்கினார்கள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். பொத்தின கையிலும் அதே வாடை. நாள் முழுக்க எடைக் கொட்டகையில் இருக்கிறவளுக்கு அது புதிதில்லை. ஆனால் அன்று ராத்திரி சோற்றில் கை வைக்க முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் மேனேஜர் சாப்பிடப் போன நேரத்தில் திருத்தினேன். சொல்லாமல் கொள்ளாமல். இரண்டு 'அனுமதி'யையும் ஒன்றாக்கினேன். வருவது எண்ணா எழுத்தா என்று உள்ளே நாமே கேட்டுப் பிரிக்க வேண்டும் என்று ஜெராக்ஸ் தாளில் இருந்தது. அதற்கென்று ஒரு சொல் உண்டு, டைப் ஆஃப். எண் என்றால் கார்டு லிஸ்ட், எழுத்து என்றால் ஹட்டி லிஸ்ட். எழுதி முடித்து, கீழேயே ஒரு வரியில் 'அனுமதி'க்கு முப்பத்தாறைக் கொடுத்து, செவ்வாய்க்கிழமை என்று வைத்து ஓட்டிப் பார்த்தேன். உண்டு என்றது. யாரோ வருகிற சத்தம் கேட்டது. சோதித்த வரியை அழித்துவிட்டு நோட்பேடை மூடினேன். செவ்வாய்க்கிழமை எல்லாம் சரியாகிவிடும், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, தானாக நடந்தது போல நடந்துவிடும் என்று ஞாயிறு முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். திங்கட்கிழமை ஹட்டிக்காரர்கள் வந்து போனார்கள்.

செவ்வாய் காலை முப்பத்தாறாம் எண் அக்கா வந்தார். மகளும் வந்திருந்தாள். இரண்டு பேர் முதுகிலும் மூட்டை. அன்று மேனேஜரும் கொட்டகையில்தான் நின்றார். முதல் வாரம் விட்டாயிற்று, இன்றும் போனால் கார்டு கழிந்தது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். ரெண்டாங் கிளாஸோடு விட்டேன் என்று அன்று சொன்ன படகரும் ஒரு பில் விஷயமாக வந்து ஓரமாக நின்றிருந்தார்.

"சொல்லுங்க தங்கச்சி, முப்பத்தாறு" என்றார் அக்கா. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. தட்டினேன்.

முறை இல்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது, அந்த நிமிடமே. சோதிக்கும்போது நான் எண்ணை நேராக 'அனுமதி'க்குக் கொடுத்தேன். பெட்டியில் தட்டவில்லை. பெட்டியில் தட்டுவது எதுவானாலும், முப்பத்தாறே ஆனாலும், அந்த மொழிக்கு அது எழுத்துதான். மூன்று என்ற எழுத்து, ஆறு என்ற எழுத்து. எண்ணாக எதுவும் அந்தப் பெட்டி வழியாக உள்ளே போகவே போகாது. நான் வைத்த எண் வாசலுக்கு ஒரு ஆளும் வர வழி இல்லை. எல்லாரும் மறுபடி ஹட்டி வாசலுக்கே போயிருக்கிறார்கள். முதலில் இரண்டு மாதம் நன்றாக ஓடியதும் அதன் தயவுதான். லிஸ்டில் இருக்கிற எண்ணோடு இந்த எழுத்தை ஒப்பிடும்போது, இரண்டும் ஒன்றுதான் என்று அதுவே சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறது. சமாளிக்க வேண்டாத இடத்தில் சமாளிக்கும், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாது. சீ என்று வந்தது எனக்கு.

மேனேஜர் லேசாகச் சிரித்தார். சொன்னபடி நான் நோண்டாமல் விட்டேன் என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. என்னை அவர் தன் ஆள் என்று எடுத்துக்கொண்ட சிரிப்பு.

"மெஷின் இல்லைங்குதுங்க" என்றார் தராசுக்காரர். "ரெண்டு முறை ஆச்சு. கார்டைக் குடுத்துட்டுப் போங்க."

அக்கா கார்டைக் கொடுக்கவில்லை. மூட்டையை இறக்கவும் இல்லை. மகள்தான், "வாம்மா, போலாம்" என்றாள்.

நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது. என்ன சொல்லப் போகிறேன் என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

"மெஷின் சொல்றது தப்புங்க. நான் எழுதினது தப்பு. இவங்களுக்கு இன்னிக்கு முறை. போன வாரமும் முறை இருந்துச்சு. இங்க நிக்கிற எல்லாருக்கும் இருக்குது. வெள்ளிக்கிழமைக்காரங்களுக்கும் இருக்குது. எனக்குப் போன செவ்வாக்கிழமை மதியமே தெரியும்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கீச்சென்று, அசிங்கமாக. இலை அரைக்கிற மெஷின் ஓடுகிற சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

"அம்மணி, உக்காரு" என்றார் மேனேஜர்.

"சாருக்கும் தெரியும்" என்றேன். அதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வந்துவிட்டது.

ஓரமாக நின்ற படகர்தான் முதலில் பேசினார். "அது சரி. எங்க ஊரப் படிச்சுச்சு, இவங்க நம்பரப் படிக்கலியா? அப்ப அது ரெண்டாங் கிளாஸுகூட இல்ல." யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "மூட்டைய எறக்குங்க சார். அவங்க எத்தன நேரம் சுமந்துட்டு நிப்பாங்க? இன்னிக்கு இவங்களுக்கு, நாளைக்கு எங்க ஊருக்கும் பெட்டி இல்லைன்னு சொல்லும். அப்ப நாங்களும் மெஷினோடதான் பேசணுமா?"

அதற்குமேல் மேனேஜரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பின்னால் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக மூட்டைகளைத் தராசுப் பக்கம் நகர்த்திக்கொண்டு வந்தார்கள். "ஏதோ டெக்னிக்கல் மிஸ்டேக். எடைய போடுங்க" என்று தராசுக்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

முப்பத்தாறாம் எண்ணின் மூட்டை தராசில் ஏறியது. நான் எடையை எழுதினேன். கார்டில் கையெழுத்துப் போட்டேன். கார்டு பிழைத்தது. எனக்கு ஒரு நன்றி வரும் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒளிக்க மாட்டேன்.

"போன செவ்வாக்கிழமையே தெரியுமா?" என்றார் அக்கா.

"தெரியுங்க அக்கா."

"அப்ப வெள்ளிக்கிழமை ஒங்க வாய் எங்க போச்சு?"

நான் கார்டைத் திருப்பி நீட்டினேன்.

"சிலோன்ல எங்கள வேல வாங்கின கங்காணி தொரைக்குப் பயந்து பேசாம நின்னத நான் சின்ன வயசுல பாத்திருக்கேன். அவன் மீசை வெச்சிருந்தான். நீங்க பொட்டி வெச்சிருக்கீங்க." அவர் காலிச் சாக்கை உதறினார். சாக்கில் ஒட்டியிருந்த துணுக்கு இலை என் மேஜைமேல் விழுந்தது. "மெஷினு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல தங்கச்சி. அது என் மொகத்த பாத்ததில்ல."

மகள் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அன்று மதியமே சரியாக எழுதினேன். வந்தது எண்ணா எழுத்தா என்று அந்த மொழியைக் கேட்பதை விட்டுவிட்டு, வந்த எழுத்துகள் எல்லாமே இலக்கங்களா என்று நானே பார்த்தேன். இலக்கங்கள் என்றால் எண்ணாக மாற்றிக் கார்டு லிஸ்டுக்கு அனுப்பினேன். இரண்டிலும் சேராத ஒன்று வந்தால் 'முறை இல்லை' என்று சொல்லாமல், 'எனக்குத் தெரியவில்லை, கிளார்க்கைக் கேளுங்கள்' என்று காட்டச் சொன்னேன். லிஸ்டில் இருந்த ஒவ்வொரு எண்ணையும், ஒவ்வொரு ஹட்டியையும் பெட்டியிலேயே தட்டிப் பார்த்தேன். சாயந்தரம் ஆகிவிட்டது. எல்லாம் சரியாக வந்தது. அதில் எனக்குத் துளி சந்தோஷம் இல்லை. எட்டு நாளுக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை.

அந்த வார வெள்ளிக்கிழமை, பொத்தானை மாற்றி அமுக்கினால் வராதா என்று கேட்டவர் வரவில்லை. பத்து மணி வரை பார்த்தேன். அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவ்வளவு பேர் முன்னால் நானாகப் போய்க் கேட்டது தராசுக்காரருக்கே ஆச்சரியம்.

"அவரா? போன வெள்ளிக்கிழமை சாயந்தரமே நிலத்த ஒப்படைச்சுட்டாருங்க. ஞாயித்துக்கிழமை திருப்பூர் பஸ் ஏறிட்டாங்க குடும்பத்தோட. கம்ப்யூட்டரே இல்லைன்னுடுச்சு, இனி யார்கிட்டப் போய் நிக்கறதுன்னாரு."

"ஒரு தடவைதானே போச்சு? ரெண்டு தடவை ஆனாத்தானே கார்டு போகும்?"

"அதெல்லாம் அவருக்கு யாருங்க சொன்னா?"

அவருடைய விலாசம் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரமும் அவர் வராததால் விதிப்படி கார்டு ரத்தானது. லிஸ்டிலிருந்து அந்த எண்ணை எடுக்கச் சொல்லி மேனேஜர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார். நேரில் பேசுவதை அவர் நிறுத்தியிருந்தார். நான் எடுத்தேன். அதுதான் அந்தக் கம்ப்யூட்டரில் நான் கடைசியாகச் செய்த வேலை. மறுநாள் என்னைத் தூளிலிருந்து நார் பொறுக்குகிற அறைக்கு மாற்றினார்கள். அங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். தூசி மூக்கை அடைத்துவிடும், ஒரு வாடையும் தெரியாது.